மருத்துவர் பதில்கள்: கோதுமையை விட்ட பிறகும் விடாத கேள்விகள்

சென்ற இதழில் சீலியாக் நோயைப் பற்றி ஒரே ஒரு பத்திதான் எழுதியிருந்தேன். அதற்கு நீலகிரியிலிருந்து மட்டும் ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போகும்போது உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குவதுதான் இந்த நோய் என்பதையும், குளூட்டனை ஆயுள் முழுக்கத் தவிர்ப்பதே இதற்குச் சிகிச்சை என்பதையும் எழுதியவர்கள் அனைவரும் அறிந்திருக்கிறார்கள். தாங்கள் சரியாகத்தான் தவிர்க்கிறோமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதே அவர்களுடைய கவலை. அதனால் இந்த முறை மற்ற நோய்களைப் பற்றிய கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 44. ரத்தசோகைக்கு ஆறு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டும் பலனில்லாமல், மூன்று ஆண்டுகளுக்கு முன் கோவையில் எண்டோஸ்கோப்பி செய்து, சீலியாக் நோய் என்றார்கள். அன்றிலிருந்து சப்பாத்தி, பூரி, பரோட்டா, ரவை, சேமியா எதையும் நான் தொடுவதில்லை. வயிற்றுத் தொந்தரவு அறவே நின்றுவிட்டது. இந்த ஆண்டு டி.டி.ஜி. ரத்தப் பரிசோதனையும் இயல்பு என்று வந்தது. ஆனால் இரும்புச்சத்து மறுபடி இறங்கியிருக்கிறது. என்ன சாப்பிடுகிறேன் என்று மருத்துவர் ஒரு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கலாமா என்கிறார். நான் பொய் சொல்வதாக நினைக்கிறாரா? – ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அவர் சந்தேகப்படுவது அந்தப் பரிசோதனைத் தாளை. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

டி.டி.ஜி. என்று நாம் சுருக்கிச் சொல்வது, டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நம்முடைய நொதிக்கு எதிராக நம் உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு. குளூட்டன் வரத்து நின்றதும் அது மெல்ல இறங்கி, பலருக்கு ஓராண்டிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இயல்புக்கு வந்துவிடும். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்கு இது மிக நல்ல சோதனை. பத்தியம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்கு அவ்வளவு நல்லதல்ல. இறங்கிய அளவு மறுபடி ஏறினால், எங்கிருந்தோ குளூட்டன் போய்க்கொண்டிருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். இயல்பாக இருந்தால் அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்துவிட முடியாது. பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, பத்தியத்தில் இருந்தும் குடலில் சேதம் ஆறாதவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரை இந்த ரத்தப் பரிசோதனை தவறவிடுகிறது. வயிற்றுத் தொந்தரவு இல்லை என்பதும் இதே போன்ற சாட்சிதான். தொந்தரவு இல்லாமலேயே ஆறு ஆண்டுகள் ரத்தசோகையோடு இருந்த பலரை நான் பார்த்திருக்கிறேன்; உங்களுக்கும் முதலில் வந்தது ரத்தசோகைதானே.

நாம் சாப்பிடும் இரும்புச்சத்து பெரும்பாலும் இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடலின் முதல் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. சீலியாக் நோய் அதிகமாகச் சிதைப்பதும் அதே இடத்தைத்தான். ஆகவே இரும்பு மறுபடி இறங்கியது, அந்த இடம் இன்னும் ஆறவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். உங்கள் வயதில் மாதவிடாயில் ரத்தப்போக்கு கூடுதலாக இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். சாப்பிட்டு எழுந்த கையோடு தேநீர் குடிக்கும் பழக்கம் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும் என்பதைத் தேயிலை விளையும் ஊரில் யாரும் விரும்பிக் கேட்பதில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விட்டுப் பாருங்கள்.

இவை எதுவும் காரணம் இல்லையென்றால், உங்கள் மருத்துவர் செய்த அந்த ஒரு மணி நேர விசாரணைக்குத்தான் திரும்ப வேண்டும். இந்த நோயில் கைதேர்ந்த ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கேட்டு எழுதும் உணவு விவரமே பத்தியத்தை அளக்க நம்மிடம் உள்ள நல்ல கருவி என்பது என் எண்ணம். பாஸ்டனில் உருவாக்கி 2009-இல் வெளியிட்ட ஏழு கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளும் உண்டு. சோர்வு, தலைவலி, வெளியில் சாப்பிடும்போது சமாளிக்க முடிகிறதா, தவறிப்போய்ச் சாப்பிடுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறீர்களா, தெரிந்தே எத்தனை முறை சாப்பிட்டீர்கள் என்றெல்லாம் கேட்டு, 7 முதல் 35 வரை மதிப்பெண் போடுவார்கள். 13-க்குக் கீழே இருந்தால் நல்ல பத்தியம். நானும் அதைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தத் தாளுக்கு நம் அஞ்சறைப் பெட்டியும் தெரியாது, மாவு மில்லும் தெரியாது.

அதனால் அடுத்த முறை வரும்போது சமையலறையில் இருக்கும் பொட்டலங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். குன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினார். கட்டிப் பெருங்காய டப்பாவை விளக்கருகே பிடித்துப் பார்த்தபோது, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது. சோயா சாஸ் புட்டியிலும் கோதுமை இருந்தது. பேரனுக்காக வாங்கிய மால்ட் பானத்தில் பார்லியும் கோதுமையும் இருந்தன. சோர்வாக இருக்கும் நாளில் தானும் ஒரு டம்ளர் கலக்கிக் குடிப்பதாகச் சொன்னார். கடைசியாக ஒரு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டிருந்த கேழ்வரகு மாவை எடுத்துவைத்து, "இது ஒண்ணுதான் டாக்டர் எனக்கு நம்பிக்கையான சாப்பாடு" என்றார். எனக்கு அந்தப் பையின் மேல்தான் கண் போயிற்று.

கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் தொடர்ந்து சாப்பிட்டாலே குடலில் சேதம் தெரியும் என்று இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் காட்டியது. 10 மில்லிகிராம் வரை பெரும்பாலோருக்குத் தாங்கும் என்று கருதப்படுகிறது. ஒரு கிராம் மைதாவிலேயே சுமார் 80 மில்லிகிராம் குளூட்டன் உண்டு. நாலு பேருக்கான சாம்பாரில் ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டால் உங்கள் பங்குக்கு வருவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அதை அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாக மாற்றுவது எளிது, மாற்றிவிடுங்கள். ஆனால் உங்கள் இரும்புச்சத்தைத் தின்பது அதுவாக இருக்காது. மில்லில் உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், கல்லிலும் குழாயிலும் தங்கிய மாவு உங்கள் கேழ்வரகில்தான் வந்து விழும். ஒரு கிலோவில் 50 கிராம் கலந்தது என்று வைத்துக்கொண்டாலும் அதில் 4,000 மில்லிகிராம் குளூட்டன். நாளுக்கு நூறு கிராம் மாவில் களி கிண்டினால் 400 மில்லிகிராம். கோதுமையை அறவே விட்டவர் கோதுமையைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், அதுவும் பத்திய உணவு என்ற பெயரில்.

கேழ்வரகை ஊறவைத்து வீட்டு வெட் கிரைண்டரில் அரைத்துத் தோசை வார்த்தால் மில்லே தேவையில்லை. மாவாகத்தான் வேண்டுமென்றால் கழுவி உலர்த்தி மிக்சியில் அரைத்து, கோதுமை சலிக்காத புதுச் சல்லடையில் சலிக்கலாம். ஆடி மாதத்து மூடுபனியில் கோத்தகிரியில் எதைக் காயவைப்பது என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அந்த மாதங்களில் குளூட்டன் அற்றது என்று அச்சிட்ட பாக்கெட் மாவை வாங்குங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி அப்படி அச்சிட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி போடும் கல்லிலேயே உங்களுக்குத் தோசை வார்க்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

மில்லும் கல்லும் சரியாகி ஆறு மாதம் கழிந்த பின்னும் இரும்பு ஏறவில்லை என்றால் எண்டோஸ்கோப்பிக்குச் சம்மதியுங்கள். உள்ளே ஆறியிருக்கிறதா என்று நேராகக் காட்டுவது அது ஒன்றுதான். ஆறாமல் இருந்தாலும் உடனே மனம் உடைய வேண்டாம். பெரியவர்களின் குடல் மெதுவாகத்தான் ஆறும். அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கும் ஐந்து ஆண்டுகளில் மூவரில் இருவருக்கும்தான் முழுமையாக ஆறியிருந்தது.

கேள்வி: என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சீலியாக் நோய் இருப்பது தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் ஒழுங்காக இருக்கிறார். வெளியில் மைதாவில் செய்யும் வர்க்கி சாப்பிடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் கோபம் வருகிறது. சிறுநீரில் குளூட்டனைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்திருப்பதாகப் படித்தேன். அவருக்குத் தெரியாமல் அதைச் செய்து பார்க்க முடியுமா? – ஒரு வாசகி, குன்னூர்

பதில்: செய்ய முடியுமா என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். குளூட்டனின் சில துண்டுகளை நம் செரிமான நொதிகளால் உடைக்க முடிவதில்லை. அவற்றில் ஒரு பங்கு குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கும். மற்றது மலத்தில் போகும். சாப்பிட்ட சில மணி நேரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை நாள் வரை சிறுநீரிலும், சில நாட்கள் வரை மலத்திலும் அவற்றைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் இருக்கின்றன. வெளிநாடுகளில் வீட்டிலேயே செய்துகொள்ளும் பட்டைகளாகவும் விற்கிறார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை சாப்பிட்ட வர்க்கி திங்கட்கிழமைச் சிறுநீரில் இருக்காது. நிறையத் தண்ணீர் குடித்திருந்தாலும், சாப்பிட்ட அளவு சிறியதாக இருந்தாலும் தவறிப்போகும். இல்லை என்று வந்த ஒரு சோதனை ஒன்றையும் நிரூபிக்காது. தாங்கள் சுத்தமாகத் தவிர்ப்பதாக நம்பியவர்களின் சிறுநீரிலேயே இந்தத் துண்டுகள் கிடைத்த ஆய்வுகள் பல உண்டு. ஆகவே இருக்கிறது என்று வந்தாலும் அவர் ஏமாற்றினார் என்று ஆகாது.

அவருக்குத் தெரியாமல் செய்வதை நான் ஒப்பவில்லை. கண்டுபிடித்த பிறகு என்ன சொல்லப் போகிறீர்கள்? அன்றோடு அவர் உங்களிடம் உண்மை சொல்வது நின்றுவிடும். தெரிந்தும் தெரியாமலும் பத்தியம் தவறுவது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. பெரியவர்களைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் 2009-இல் தொகுத்துப் பார்த்தபோது, பத்தியத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்களின் பங்கு ஓர் ஆய்வில் 42 விழுக்காடாகவும் இன்னோர் ஆய்வில் 91 விழுக்காடாகவும் இருந்தது. இவ்வளவு அகலமான இடைவெளிக்கு ஒரு காரணம், எப்படிக் கேட்டார்கள் என்பதுதான்.

மருத்துவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் நானும் "கோதுமை சாப்பிடுகிறீர்களா?" என்றே கேட்டுவந்தேன். எல்லோரும் இல்லை என்றார்கள். இப்போது "எந்த நேரத்தில், எந்த இடத்தில் தவிர்ப்பது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்கிறேன். இரவு ஷிப்ட் முடிந்து, குளிரில் நடுங்கி வந்து, எல்லோரும் டீயில் வர்க்கியைத் தோய்த்துத் தின்னும்போது தான் மட்டும் வெறும் டம்ளரோடு நிற்பதைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினார். வர்க்கி ஒன்றில் பத்து கிராம் மைதா இருந்தாலும் 800 மில்லிகிராம் குளூட்டன் என்று நான் சொன்னதைவிட, அவர் மனைவி அன்றிலிருந்து பையில் கட்டிக்கொடுத்த வேர்க்கடலை மிட்டாயும் அரிசி முறுக்கும்தான் அதிகம் வேலை செய்தன. நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள். அவருக்கே விருப்பம் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இந்தச் சோதனையைப் பற்றி அவரே கேட்கட்டும்.

கேள்வி: சம்பா கோதுமை நம் பழைய நாட்டு ரகம், அதில் குளூட்டன் கெடுதல் செய்யாது என்கிறார்கள். சாப்பிடலாமா? – ஒரு வாசகர், உதகை

பதில்: சாப்பிடக் கூடாது. இந்தப் பேச்சுக்குள் ஒரு துளி உண்மை ஒளிந்திருப்பதால்தான் அது இவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. சாதாரணக் கோதுமையில் 42 குரோமோசோம்கள். சம்பா கோதுமையில் 28. விடுபட்ட அந்தப் பங்கில்தான் குளூட்டனின் மிகக் கொடிய துண்டு ஒன்றை உண்டாக்கும் மரபணு இருக்கிறது. ஆனால் நோயைத் தூண்டும் மற்றத் துண்டுகள் சம்பாவிலும் தாராளமாக இருக்கின்றன. பழைமை என்பதும் காப்பாகாது: நம் மலையின் பழைய பயிர்களில் சாமையும் கேழ்வரகும் இருந்ததைப் போலவே பார்லியும் கோதுமையும் இருந்தன. வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் கோதுமைக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மாவட்டம் இது. பாட்டி காலத்துத் தானியம் வேண்டுமென்றால் சாமையை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன ஆண்டு நோய் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் கூடலூரிலிருந்து கோவைக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போகிறது. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும்? – ஒரு வாசகர், கூடலூர்

பதில்: முதல் ஆண்டில் ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் பார்த்துக்கொள்வது நல்லது; எல்லாம் சீரானால் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை போதும். ரத்தம் எடுப்பதற்கு மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. ஆனால் டி.டி.ஜி.யை ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள்; ஆய்வகத்துக்கு ஆய்வகம் சோதனைக் கருவியும் அளவுகோலும் மாறுவதால், ஓரிடத்து 60-ஐ இன்னோரிடத்து 40-ஓடு ஒப்பிட்டுக் குறைந்துவிட்டது என்று மகிழ்வதில் பொருளில்லை. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐ.ஜி.ஏ. என்ற வகை எதிர்ப்பொருளே உடலில் உண்டாவதில்லை. வழக்கமான டி.டி.ஜி. சோதனை அளப்பது அந்த வகையைத்தான் என்பதால், அவர்களுக்கு அது எப்போதும் இயல்பு என்றே வரும். வேறு வகைச் சோதனை வேண்டும். உங்களுக்கு மொத்த ஐ.ஜி.ஏ. பார்த்தார்களா என்று பழைய கோப்பில் தேடுங்கள்.

அதோடு ஹீமோகுளோபின், உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் பெர்ரிட்டின், பி12, போலிக் அமிலம், வைட்டமின் டி, தைராய்டு, கல்லீரல் நொதிகள் ஆகியவற்றையும் பார்ப்போம். வைட்டமின் டி-யை மலைவாசிகளுக்கு நான் அழுத்திச் சொல்வதுண்டு. மாதக்கணக்கில் மழை மூட்டமும், வெயில் வந்தாலும் கழற்றாத ஸ்வெட்டரும் நம் வாழ்க்கை. எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்கு மட்டும் ஒரு முறை இறங்க வேண்டிவரலாம்.

உணவு ஆலோசகரிடம் போகும்போது இந்த நோயாளிகளைப் பார்த்த பழக்கம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2016-இல் வெளியான ஆய்வில் வட இந்தியாவில் நூறில் ஒருவருக்குச் சற்று மேலாகவும் தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்கும்தான் இந்த நோய் காணப்பட்டது. நம் பக்கத்து ஆலோசகர்கள் பலர் ஆண்டுக்கு ஒருவரைக்கூடப் பார்ப்பதில்லை. சப்பாத்திக்குப் பதில் ஓட்ஸ் சாப்பிடுங்கள் என்று எழுதிக்கொடுத்த சீட்டை நானே பார்த்திருக்கிறேன். கடையில் விற்கும் சாதாரண ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் கலந்திருக்க மிகுந்த வாய்ப்புண்டு.

கேள்வி: தினமும் திருப்பலிக்குப் போகிறேன். நற்கருணை அப்பத்தை என் உணவுக் கணக்கில் சேர்க்க வேண்டுமா? மருத்துவரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. – ஒரு வாசகி, அரவங்காடு

பதில்: சேர்க்க வேண்டும், சொல்லவும் வேண்டும். அது கோதுமை மாவில் செய்வது. ஒரு அப்பம் கால் கிராம் எடை என்றாலும் அதில் 20 மில்லிகிராம் குளூட்டன் ஆகிறது. வாரம் ஒரு முறை என்றால் வேறு, தினமும் என்றால் வேறு. முற்றிலும் குளூட்டன் நீக்கிய அப்பம் செல்லாது, மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பம் செல்லும் என்று 2017-இல் வத்திக்கான் மறுபடி தெளிவுபடுத்தியது. திராட்சை இரசத்தை மட்டும் பெற்றுக்கொள்ளவும் திருச்சபையில் இடமுண்டு. அதில் ஒன்றைக் கவனியுங்கள்: குருவானவர் அப்பத்தைப் பிட்டு ஒரு சிறு துண்டைத் தம் கிண்ணத்தில் இடுவார், அந்தக் கிண்ணத்திலிருந்து நீங்கள் பருகக் கூடாது, தனிக் கிண்ணம் வேண்டும். வரிசையில் நிற்கும்போது சொன்னால் இருவருக்கும் சங்கடம். திருப்பலிக்குக் கால் மணி நேரம் முன்பே போய் அவரிடம் சொல்லிவிடுங்கள்.